சாம்பாவும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சும்: கோளாறு வரும் நாளில் எப்படி?

சர்வர் மென்பொருளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் வேகத்தையும் வசதிகளையும் அளக்கிறார்கள். அலுவலக சர்வர்களைப் பராமரிக்கும் எனக்கு அதில் பெரிய ஆர்வம் கிடையாது. நன்றாக ஓடும் நாளில் எல்லா மென்பொருளும் நல்ல மென்பொருள்தான். "சார், ஃபோல்டர் திறக்க மாட்டேங்குது" என்று கணக்குப் பிரிவிலிருந்து போன் வரும் நாளில் அது என்ன சொல்கிறது, சொல்வதை நம்பலாமா என்பதை வைத்துத்தான் நான் மதிப்பெண் போடுவேன். அப்படி இரண்டை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: ஃபைல் பகிர சாம்பா, தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய ஓப்பன்எஸ்எஸ்ஹெச்.

இரண்டும் இலவசம், இரண்டும் திறமூலம். சாம்பாவை ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் எழுத ஆரம்பித்தார். விண்டோஸ் கணினிகளுக்கு ஒரு லினக்ஸ் சர்வர் இன்னொரு விண்டோஸ் சர்வர் போலவே தெரியும்படி செய்வது அதன் வேலை. ஓப்பன்எஸ்எஸ்ஹெச், டாட்டூ இலோனென் 1995இல் எழுதிய எஸ்எஸ்ஹெச்சின் பழைய பதிப்பிலிருந்து கிளைத்தது. ஓப்பன்பிஎஸ்டி குழு 1999 டிசம்பரில் தன் 2.6 பதிப்போடு சேர்த்து வெளியிட்டது.

முதலில் எஸ்எஸ்ஹெச். இதைப் பற்றிப் புகார் சொல்பவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றே: "பெர்மிஷன் டினைட் என்று மட்டும் சொல்கிறது, ஏன் என்று சொல்ல மாட்டேன் என்கிறது." உண்மைதான். ஆனால் அது வேண்டுமென்றே செய்யப்பட்டது. வாசலில் நிற்பவன் நம்ம ஆளா திருடனா என்று தெரியாத நிலையில், "யூசர் பெயர் சரி, பாஸ்வேர்ட்தான் தப்பு" என்று விளக்கம் கொடுப்பது அவனுக்கு வழிகாட்டுவதாகிவிடும். அதனால் வெளியே ஒரு வார்த்தை, உள்ளே சர்வர் எழுதிவைக்கும் பதிவேட்டில், அதாவது லாகில், முழு விவரம். டெபியன், உபுண்டுவில் ஆத்.லாக், ரெட் ஹேட் வகையறாவில் செக்யூர் என்ற ஃபைல். சேவைகளை இயக்கும் சிஸ்டம்டி இருந்தால் லாகைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளை போதும். இந்த லாகைத் திறக்காமல் இணையும் கணினியில், அதாவது கிளையன்ட் பக்கமே, நடப்பதை விவரமாகக் காட்டச் சொல்லும் மைனஸ் வி, மைனஸ் விவிவி என்று போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுமை போய்விடும். மைனஸ் வி நல்ல கருவி, மறுக்கவில்லை. பாஸ்வேர்டுக்குப் பதிலாக எந்த கீயை (சாவி ஃபைலை) நீட்டியது, சர்வர் எந்த வழிகளை ஏற்கிறது என்றெல்லாம் காட்டும். ஆனால் சர்வர் ஏன் மறுத்தது என்பது அதற்கே தெரியாது.

லாகைத் திறந்தால் பாதி நேரம் கிடைப்பது ஒரே காரணம். யூசரின் ஹோம் ஃபோல்டருக்கோ, அதற்குள் இருக்கும் டாட் எஸ்எஸ்ஹெச் ஃபோல்டருக்கோ, ஏற்கும் கீக்களின் பட்டியலான ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைலுக்கோ உரிமையாளர் அல்லது அனுமதி சரியில்லை என்று தெளிவாக எழுதியிருக்கும். ஸ்ட்ரிக்ட்மோட்ஸ் என்ற அமைப்பு இயல்பாகவே இயங்கிக்கொண்டிருப்பதால், வேறு யாராவது எழுதக்கூடிய இடத்தில் இருக்கும் கீயை சர்வர் நம்பாது. எஸ்எஸ்ஹெச் ஃபோல்டருக்கு 700, கீ ஃபைலுக்கு 600 (இரண்டிலும் உரிமையாளருக்கு மட்டும் அனுமதி), ஹோமில் குரூப்புக்கும் மற்றவர்களுக்கும் எழுதும் அனுமதி இல்லை. இவ்வளவு இருந்தால் வழிவிட்டுவிடும்.

அந்த அனுமதி எப்படிக் கெட்டுப்போகிறது? பல இடங்களில் பார்த்தேன், காரணம் சாம்பா. அதாவது சாம்பா வழியாக ஹோம் ஃபோல்டரில் எழுத முடியவில்லை என்று யாரோ ஒருவர் ஆத்திரத்தில் அந்த ஃபோல்டருக்கு மொத்தமாக 777, அதாவது யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற அனுமதி, போட்டிருப்பார். விண்டோஸில் ஃபைல் சேமிக்க முடிந்துவிடும், அவரும் சந்தோஷமாகப் போய்விடுவார். மறுநாள் அதே யூசரின் எஸ்எஸ்ஹெச் கீ வேலை செய்யாது. இரண்டு புகாரும் இரண்டு வேறு ஆட்களிடம் போய்ச் சேரும்; சம்பந்தம் இருப்பது யாருக்கும் தோன்றாது. ஒரே கணினியில் இரண்டையும் ஓட்டினால் ஹோம் ஃபோல்டரை ஷேர் செய்யாதீர்கள், பொதுவுக்குத் தனி ஃபோல்டர் வையுங்கள் என்பது என் பிடிவாதமான கருத்து.

இணைப்பே கிடைக்காதபோது ஓப்பன்எஸ்எஸ்ஹெச் சொல்வதும் நம்பத்தக்கது. 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் அந்த முகவரியில் ஏதோ ஒரு கணினி உயிரோடு இருக்கிறது, எஸ்எஸ்ஹெச்சின் வாசலான 22ஆம் போர்ட்டில் கேட்க ஆள் இல்லை, அல்லது ஃபயர்வால் வெளிப்படையாக மறுக்கிறது. 'டைம்டு அவுட்' என்றால் அனுப்பிய பாக்கெட்டுக்குப் பதிலே வரவில்லை: கணினி அணைந்திருக்கலாம், முகவரி தப்பாக இருக்கலாம், ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்கியிருக்கலாம். மற்றவர்களுக்கெல்லாம் நுழைய முடிந்து உங்களுக்கு மட்டும் ரெஃப்யூஸ்டு என்று வந்தால் திரும்பத் திரும்பத் தப்பாக முயல்பவர்களைத் தடுக்கும் ஃபெயில்2பேன் உங்கள் முகவரியைத் தடுத்துவிட்டதா என்று பாருங்கள். பாஸ்வேர்டைச் சில முறை தப்பாக அடித்தாலே போதும்.

அமைப்பு ஃபைலைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இந்த இரண்டு மென்பொருளும் இதில் நேரெதிர். எஸ்எஸ்ஹெச்சின் சர்வர் பக்க மென்பொருளான எஸ்எஸ்ஹெச்டியின் அமைப்பு ஃபைலில் ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுதினால் முதலில் வருவதுதான் செல்லும். சாம்பாவில் ஒரே பிரிவுக்குள் இரண்டு முறை எழுதினால் கடைசியில் வருவது செல்லும். இது தெரியாதவர்கள், பாஸ்வேர்ட் லாகினை நிறுத்தும் வரியை எஸ்எஸ்ஹெச்டி ஃபைலின் அடியில் சேர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவார்கள். உபுண்டுவில் அந்த ஃபைலின் தலையிலேயே இன்னொரு ஃபோல்டரை உள்ளே இழுக்கும் வரி ஒன்று இருக்கிறது; கிளவுட் சர்வர் என்றால் முதல் முறை எழும்போது அதை அமைத்துத் தரும் கிளவுட்-இனிட் அங்கே '50-கிளவுட்-இனிட்' என்று ஒரு ஃபைலைப் போட்டு பாஸ்வேர்ட் லாகினை அனுமதித்து வைத்திருக்கலாம். அது முதலில் படிக்கப்படுவதால் நீங்கள் அடியில் எழுதியது வெறும் அலங்காரம். என்ன எழுதியிருக்கிறோம் என்று பார்க்காமல், எஸ்எஸ்ஹெச்டி மைனஸ் பெரிய டி போட்டு என்ன நடப்பில் இருக்கிறது என்று பாருங்கள்.

எழுத்துப் பிழை செய்தால்? எஸ்எஸ்ஹெச்டி அந்த வரியின் எண்ணைச் சொல்லிவிட்டு எழ மறுக்கும். தூரத்தில் உள்ள சர்வரில் இது ஆபத்துதான். அதனால் ரீஸ்டார்ட் செய்யும் முன் மைனஸ் சின்ன டி போட்டுச் சோதித்துவிடுவதும், திறந்திருக்கும் லாகினை மூடாமல் இன்னொரு ஜன்னலில் புதிதாக நுழைந்து பார்ப்பதும் கட்டாயம். சாம்பா அப்படியில்லை. தனக்குப் புரியாத வரியைப் புறக்கணித்துவிட்டு வழக்கம்போல ஓடும். கேட்க நல்லபிள்ளையாகத் தெரிகிறதா? ஒரு ஷேரில் (பகிரும் ஃபோல்டரில்) யார் நுழையலாம் என்று சொல்லும் 'வேலிட் யூசர்ஸ்' என்ற வரியில் ஓர் எழுத்து மாறிப்போனால், சம்பளப் பட்டியல் உள்ள ஃபோல்டர் லாகின் உள்ள எல்லோருக்கும் திறந்துகிடக்கும். சாம்பாவுக்கு நான் மதிப்பெண் குறைக்கும் முதல் இடம் இதுதான். டெஸ்ட்பார்ம் என்ற கருவியை ஓட்டினால் தெரியாத வரியைச் சுட்டிக்காட்டும். ஆனால் அதை ஓட்ட வேண்டும் என்று நமக்கு நினைவிருக்க வேண்டுமே.

எஸ்எஸ்ஹெச்சில் இன்னும் சில. லாகின் நடக்கிறது, ஆனால் பல விநாடி காத்திருக்க வேண்டியிருக்கிறது என்றால் பெயர் தேடும் டிஎன்எஸ் அல்லது ஜிஎஸ்எஸ்ஏபிஐ என்ற இன்னொரு லாகின் முறை பக்கம் பாருங்கள். மைனஸ் வி போட்டால் எந்த வரியில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். தாமதத்தைச் சும்மா விடக்கூடாது என்பதற்கு இந்தத் துறையிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. 2024 மார்ச்சில் மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், எஸ்எஸ்ஹெச் லாகின் ஏறக்குறைய அரை விநாடி கூடுதலாக எடுப்பதையும் சிபியு வீணாக ஓடுவதையும் கவனித்துத் தோண்டப் போய்த்தான் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளில் ஒளித்து வைக்கப்பட்டிருந்த பின்வாசல் வெளியே வந்தது. அரை விநாடி! நம்மில் பெரும்பாலோர் நெட் ஸ்லோ என்று சொல்லிவிட்டுப் போயிருப்போம்.

கீக்களை நினைவில் வைத்திருந்து தானாக நீட்டும் ஏஜென்ட்டில் நிறைய கீ வைத்திருப்பவர்களுக்கு 'டூ மெனி ஆத்தென்டிகேஷன் ஃபெயிலியர்ஸ்' வரும். சர்வர் இயல்பாக 6 முயற்சிதான் கொடுக்கும். ஏஜென்ட் தன்னிடமுள்ள கீக்களை வரிசையாக நீட்டி அதைத் தீர்த்துவிடும், சரியான கீயின் முறை வரும் முன்பே கதவு சாத்தப்படும். கிளையன்ட் அமைப்பில் அந்த சர்வருக்கு எந்த கீ என்று குறித்து, 'ஐடென்டிட்டீஸ் ஒன்லி' என்பதை யெஸ் ஆக்கினால் தீர்ந்தது.

விபிஎன் வழியாகப் போகும்போது மட்டும் கீ பரிமாற்றத்தில் பதிலுக்குக் காத்திருப்பதாகச் சொல்லி அப்படியே உறைந்து நின்றால், எஸ்எஸ்ஹெச்சைத் திட்டாதீர்கள். அது எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, சார்ந்த சிக்கல். சின்ன பாக்கெட் போய்விடுகிறது, பெரியது வழியில் தொலைகிறது. துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 1472 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள். தலைப்பகுதி 28 சேர்ந்து 1500 ஆகும். அது போகாமல் சின்ன அளவு போனால் விபிஎன் இடைமுகத்தின் எம்டியுவைக் குறைக்க வேண்டும். அப்புறம், உறைந்துபோன ஜன்னலை மூட வேண்டியதில்லை: என்டர், டில்டா, புள்ளி என்று வரிசையாகத் தட்டினால் இணைப்பு அறுந்து ப்ராம்ப்ட் திரும்பிவிடும்.

பழைய கருவிகள் விஷயத்தில் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் கறார். 2021இல் வந்த 8.8 பதிப்பு, எஸ்ஹெச்ஏ-1 என்ற பழைய, பலவீனமான முறையைப் பயன்படுத்தும் ஆர்எஸ்ஏ கையெழுத்தை இயல்பாக ஏற்பதை நிறுத்தியது. எங்களிடம் இருந்த ஒரு பழைய சேமிப்புப் பெட்டி அதோடு வாயடைத்துப் போனது. அதைத் தயாரித்த நிறுவனமோ புதிய ஃபர்ம்வேர் தருவதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தது. ஆனால் பாருங்கள், வந்த பிழைச்செய்தி முழு உண்மையையும் சொன்னது: ஒத்துப்போகும் ஹோஸ்ட் கீ வகை இல்லை, எதிர்ப்பக்கம் தருவது இது மட்டும்தான் என்று. அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் கிளையன்ட் அமைப்பில் விலக்கு எழுதினேன். எல்லா சர்வருக்கும் சேர்த்து எழுதுவது சோம்பேறித்தனம்.

சரி, சாம்பாவுக்கு வருவோம்.

சாம்பாவின் சிரமம் அதன் தரத்தில் இல்லை, அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. ஒரு ஃபைல் திறக்க வேண்டுமென்றால் 445ஆம் போர்ட் திறந்திருக்க வேண்டும், யூசர் சாம்பாவின் சொந்தப் பட்டியலில் இருக்க வேண்டும், ஷேரின் விதி அனுமதிக்க வேண்டும், அதற்கடியில் லினக்ஸ் அனுமதி இடம்கொடுக்க வேண்டும், எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு இருந்தால் அதுவும் தலையசைக்க வேண்டும். எந்தத் தட்டில் தடை விழுந்தாலும் விண்டோஸ் திரையில் வருவது கிட்டத்தட்ட ஒரே மாதிரியான வாக்கியம். ஆகவே விண்டோஸ் சொல்வதைக் காதில் வாங்காமல், சர்வரிலேயே உட்கார்ந்து எஸ்எம்பிகிளையன்ட் கருவியால் லோக்கல்ஹோஸ்ட்டுக்கே இணைத்துப் பார்ப்பதுதான் என் முதல் வேலை. அங்கே நடந்துவிட்டால் சாம்பா நிரபராதி. நெட்வொர்க்கையோ விண்டோஸையோ பிடிக்கலாம்.

அங்கேயும் நடக்கவில்லை என்றால் என்டி ஸ்டேட்டஸ் என்று தொடங்கும் குறியீடு வரும். 'லாகான் ஃபெயிலியர்' நேர்மையானது. பெரும்பாலும் லினக்ஸில் யூசர் இருக்கிறார், சாம்பாவில் இல்லை. லினக்ஸ் பாஸ்வேர்டை மாற்றினால் சாம்பாவில் தானாக மாறாது, தனியாக எஸ்எம்பிபாஸ்வேர்ட் ஓட்ட வேண்டும். பிடிபிஎடிட் மைனஸ் பெரிய எல் போட்டால் சாம்பாவுக்கு யார் யாரைத் தெரியும் என்று பட்டியல் வரும். 'ஆக்சஸ் டினைட்' ஓரளவு நேர்மையானது; லினக்ஸ் அனுமதியைப் பார். அந்த யூசராகவே மாறி அந்த ஃபோல்டரில் ஒரு வெற்று ஃபைலை உருவாக்க முடிகிறதா என்று சோதித்தால் தெரிந்துவிடும். மேலே உள்ள ஏதாவது ஒரு தாய் ஃபோல்டரில் நுழையும் அனுமதி இல்லாமல் இருப்பது சகஜம். நேம்ஐ மைனஸ் எல் என்ற சின்னக் கருவி வேரிலிருந்து நுனிவரை ஒவ்வொரு படியையும் வரிசையாகக் காட்டும். இதைத் தெரியாத லினக்ஸ்காரர்கள் ஏராளம்.

மூன்றாவது, 'பேட் நெட்வொர்க் நேம்'. இது பொய்யன். ஷேரின் பெயர் தப்பு என்று சொல்கிறது. பெயரைப் பத்துத் தடவை சரிபார்த்தாலும் சரியாகத்தான் இருக்கும். ஷேர் சுட்டும் ஃபோல்டர் இல்லாமல் போனாலும், அதற்குள் நுழைய முடியாமல் எஸ்இலினக்ஸ் தடுத்தாலும் சாம்பா இதே குறியீட்டைத்தான் தருகிறது. சர்வர் ரீபூட் ஆன பிறகு வெளி டிஸ்க் மவுன்ட் ஆகவில்லை என்பது நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் காரணம். இதிலும் லாகில் உண்மை இருக்கிறது: அந்தப் பாதை இல்லை அல்லது அனுமதி இல்லை என்று எழுதி வைத்திருக்கும். எஸ்இலினக்ஸ் உள்ள இடத்தில் ஃபோல்டருக்கு 'சாம்பா ஷேர்' அடையாளம் போட்டு ரெஸ்டோர்கான் ஓட்ட வேண்டும். எஸ்இலினக்ஸையே அணைத்துவிடு என்று யோசனை சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

சாம்பா லாக் ஒரு கடல். லெவல் 3 போதும்; 10க்குப் போனால் ஒரு ஃபோல்டரைத் திறப்பதற்கே பக்கம் பக்கமாக எழுதும். சர்வரை நிறுத்தாமலே எஸ்எம்பிகன்ட்ரோல் மூலம் லெவலை ஏற்றி இறக்கலாம். டெபியன் வகையில் ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் தனி லாக் ஃபைல் வருவது பெரிய உபகாரம்.

இயல்பு அமைப்புகளில் என்னை எரிச்சலூட்டுவது, புதிய ஃபைலுக்கு என்ன அனுமதி என்று தீர்மானிக்கும் கிரியேட் மாஸ்க். இயல்பு மதிப்பு 0744. ஒருவர் உருவாக்கிய ஃபைலைப் பக்கத்து மேசைக்காரர் படிக்கலாம், திருத்த முடியாது. பொது ஃபோல்டர் என்று வைப்பதே சேர்ந்து திருத்தத்தானே? ஃபோர்ஸ் குரூப், கிரியேட் மாஸ்க் 0664, டைரக்டரி மாஸ்க் 2775 என்று மூன்று வரி எழுதினால் அடங்கிவிடும். 777க்கு ஓடுகிறவர்களில் பாதிப் பேர் இந்த மூன்று வரி தெரியாததால்தான் ஓடுகிறார்கள்.

விண்டோஸ் பக்கத்துக் காரணங்களும் சாம்பாவின் தலையில்தான் விழும். ஒரே சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு யூசர் பெயரில் இணைய விண்டோஸ் விடாது. பிழை எண் 1219. பழைய இணைப்பை நெட் யூஸ் கட்டளையால் அறுத்து, கிரெடென்ஷியல் மேனேஜரில் சேமித்த பாஸ்வேர்டையும் நீக்க வேண்டும். அவசரத்துக்கு, பெயருக்குப் பதில் ஐபி முகவரி போட்டு இணைத்தால் விண்டோஸ் அதை வேறு சர்வராக நினைத்துக்கொள்ளும். நெட்வொர்க் பட்டியலில் சர்வரே தெரியவில்லை என்பது இன்னொரு நிரந்தரப் புகார். 2017இல் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் ஆடிய ஆட்டத்துக்குப் பிறகு, ஃபைல் பகிரும் பழைய நெறிமுறையான எஸ்எம்பி1ஐ எல்லோரும் ஒதுக்கினார்கள். விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும்போது அது வருவதில்லை, சாம்பாவும் 2019இல் 4.11 பதிப்பில் இயல்பாக அணைத்துவிட்டது. பட்டியல் காட்டும் பழைய முறையும் அதோடு போயிற்று. நேராக சர்வர் பெயரையும் ஷேர் பெயரையும் அடித்தால் திறக்கும். பட்டியலில் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் டபிள்யூஎஸ்டிடி என்ற சேவையை லினக்ஸில் ஓட்டுங்கள். தயவுசெய்து எஸ்எம்பி1ஐத் திரும்ப உயிர்ப்பிக்காதீர்கள். அதேபோல விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்பு வந்ததும் பாஸ்வேர்ட் இல்லாத கெஸ்ட் ஷேர்கள் பல இடங்களில் நின்றுபோயின, காரணம் கையெழுத்திட்ட இணைப்பை அது கட்டாயமாக்கியது. கெஸ்ட்டை விட்டுவிட்டு ஒரு யூசரை உருவாக்குவதுதான் வழி.

சாம்பா மனதைக் குளிர்விக்கும் இடமும் உண்டு. "இந்த ஃபைலை வேறு யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள்" என்று வரும்போது எஸ்எம்பிஸ்டேட்டஸ் ஓட்டினால் எந்த யூசர், எந்தக் கணினி, எந்த ஃபைல் என்று புட்டுப்புட்டு வைக்கும். ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும் தனி ப்ராசஸ் என்பதால், ஆள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தாலும் அவருடைய ப்ராசஸை மட்டும் நிறுத்திப் பூட்டை விடுவிக்கலாம், மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாது. அவர் சேமிக்காமல் விட்டது போய்விடும் என்பதால் நான் முதலில் போன் செய்வேன்.

மதிப்பெண்? ஐந்துக்கு சாம்பாவுக்கு மூன்றரை, ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சுக்கு நாலரை. எல்லாமே லினக்ஸ் கணினிகள் என்றால் சாம்பா பக்கமே போகாமல் எஸ்எஸ்ஹெச் வழியாகவே ஃபைல் பகிரும் எஸ்எஃப்டிபியோ எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ்ஸோ வைத்துக்கொள்ளலாம், கதவு ஒன்று குறையும். விண்டோஸ் இருக்கும் அலுவலகத்தில் சாம்பாவுக்கு மாற்றாக எனக்கு எதுவும் தோன்றவில்லை; அந்த மூன்றரையையும் மீறி அதைத்தான் நிறுவுவேன்.

ஓப்பன்எஸ்எஸ்ஹெச் இழந்த அரை, 'கனெக்‌ஷன் க்ளோஸ்டு பை ரிமோட் ஹோஸ்ட்' என்ற வரிக்கு. பெயரையே பரிமாறிக்கொள்ளும் முன் இணைப்பு அறுந்தால் இதுதான் வரும். லாகின் முடிக்காத இணைப்புகள் 10 சேர்ந்ததும் மேக்ஸ்ஸ்டார்ட்டப்ஸ் என்ற வரம்பு சிலவற்றைத் தள்ளிவிடத் தொடங்குவது ஒரு காரணம். 2024இல் 9.8 பதிப்பில் வந்த, தொல்லை தரும் முகவரிகளுக்குத் தண்டனை கொடுக்கும் வசதி இன்னொரு காரணம். ஒரே ரவுட்டருக்குப் பின்னால் அலுவலகமே உட்கார்ந்திருக்கும்போது, ஒருவருடைய ஸ்கிரிப்ட் பழைய பாஸ்வேர்டோடு முட்டிக்கொண்டிருந்தால் எல்லோருக்கும் சேர்த்துத் தண்டனை விழும். அந்த ஒரு வரியை வைத்து இதை யூகிக்க வழியே இல்லை. அலுவலகத்தின் முகவரியை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டு, அந்த ஸ்கிரிப்ட் யாருடையது என்று தேடுங்கள்.